வேலூரில் புதுக் குடித்தனம்: உள்ளூர் விலையில் வாழ ஒரு வழிகாட்டி

வேலூரில் பல பொருளுக்கு இரண்டு விலை உண்டு. வந்து போகிறவர்களுக்கு ஒன்று, இங்கேயே இருக்கிறவர்களுக்கு ஒன்று. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். காட்பாடிப் பக்கம் வி.ஐ.டி.யில் படிக்க நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். இவர்களை நம்பி ஆஸ்பத்திரியைச் சுற்றியும் கல்லூரியைச் சுற்றியும் லாட்ஜ், மெஸ், மளிகை, ஆட்டோ என்று தனி ஊரே நடக்கிறது. அங்கே பேரம் பேச யாருக்கும் நேரம் இல்லை, சொன்ன விலைதான். வேலை மாற்றலில் வருகிற குடும்பமும் முதலில் அங்கேதான் இறங்குகிறது. பத்து நாள் அங்கே சாப்பிட்டு, அங்கேயே சாமான் வாங்கிவிட்டு, ‘மெட்ராஸைவிட வேலூர் மோசம்’ என்று முடிவு கட்டிவிடுகிறது.

அப்படி இல்லை. பதினைந்து, இருபதாயிரம் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டு கௌரவமாகக் குடித்தனம் நடத்துகிற வீடுகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கிறவர்கள் இல்லை. எதை எங்கே, எந்த நேரத்தில், எந்த மாதத்தில் வாங்குவது என்று தெரிந்தவர்கள். அதை வரிசையாகச் சொல்கிறேன். வீட்டிலிருந்து தொடங்கலாம். அங்கே விட்ட பணத்தைக் கத்தரிக்காயில் பிடிக்க முடியாது.

1. வீடு: வாடகையை மட்டும் பார்க்காதீர்கள்

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலும் வி.ஐ.டி.க்குப் பக்கத்திலும் வீடு தேடாதீர்கள். அங்கே உங்களோடு போட்டிக்கு நிற்பது நாள் வாடகைக்கு அறை விடுகிற லாட்ஜும், ஒரே வீட்டில் ஆறு பேராகப் பங்கு போட்டுத் தங்குகிற மாணவர்களும்தான். சத்துவாச்சாரி, அலமேலுமங்காபுரம், ரங்காபுரம், தொரப்பாடி, சேண்பாக்கம், கொணவட்டம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் விருதம்பட்டு என்று டவுன் பஸ் போகிற இடமாகப் பாருங்கள். புரோக்கரைப் பிடிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருக்களில் நடந்து, டீக்கடையிலும் மளிகைக் கடையிலும் கேளுங்கள். போர்டு மாட்டாமலே வாய்வழியாகக் கைமாறும் வீடுகள் நிறைய. கமிஷன் மிச்சம்.

வீடு பிடித்துவிட்டால் மூன்று விஷயம் விசாரிக்க வேண்டும்.

முதலாவது, மாடி. வேலூரில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சுற்றிலும் பாறை மலை வேறு. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டுக்கு வாடகை கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கும் தளம் அனலாய் இறங்கும். மின்விசிறி போதாமல் கூலர், அப்புறம் ஏ.சி. என்று செலவு ஏறும். தரைத்தளமோ நடு மாடியோ நல்லது. படுக்கை அறைச் சுவர் மேற்கே பார்த்து இருந்தால் யோசியுங்கள்.

இரண்டாவது, மீட்டர். தனி மின் இணைப்பா, சப்-மீட்டரா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் என்றால் அந்த நூறு யூனிட் வீட்டுக்காரர் கணக்கில் போய்விடும். உங்களிடம் முதல் யூனிட்டிலிருந்தே ஏழு ரூபாய், எட்டு ரூபாய் என்று வாங்குவார்கள். அந்த வீட்டுக்கு வாடகை ஐந்நூறு குறைவு என்றாலும் லாபம் இல்லை.

மூன்றாவது, தண்ணீர். பாலாற்றங்கரை ஊர் என்று பெயர்தான், வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஆற்றில் மணல்தான் தெரியும். கார்ப்பரேஷன் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, போர் தண்ணீர் உப்பா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு சீக்கிரம் வேகாது. சோப்புச் செலவும் கேஸ் செலவும் சத்தமில்லாமல் ஏறும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் குழாயில் ஒரு சொம்பு பிடித்துக் கைகழுவிப் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும்.

2. ரேஷன் கார்டு: முதல் மாதமே

தமிழ்நாட்டில் ஏற்கெனவே கார்டு இருந்தால் புதிதாக எடுக்க வேண்டாம், முகவரி மாற்றினால் போதும். உணவுப்பொருள் வழங்கல் துறையின் இணையதளத்தில் நீங்களே செய்யலாம், பழக்கமில்லை என்றால் இ-சேவை மையம். மாறுகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து எந்தக் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். ஆனால் வெளிக் கார்டுக்குக் கடையில் இருப்பு கொஞ்சம்தான் இருக்கும், மாதக் கடைசியில் போய் நின்றால் கை விரிப்பார்கள். முதல் வாரத்தில் போங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் முன்னுரிமைக் கார்டு வைத்திருந்தால் அரிசி, கோதுமை வாங்கலாம். பருப்பும் பாமாயிலும் தமிழ்நாட்டுக் கார்டுக்கு மட்டும்.

அரிசிக் கார்டுக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் பாக்கெட் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் ஒரு கிலோ துவரம் பருப்பு வாங்குகிற காசில் இந்த மூன்றையும் வாங்கிவிட்டு மீதியும் வரும். ‘ரேஷனா, எங்களுக்கு எதுக்கு’ என்கிற கூச்சம் புதிதாக வருகிறவர்களுக்கு இருக்கிறது. சத்துவாச்சாரியில் ஸ்கூட்டரில் வந்து வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் அது போய்விடும்.

ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மேலே மிதக்கும், நிறமும் கொஞ்சம் வேறாக இருக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணி அது, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்திருப்பார்கள். அப்படியே சமைக்கலாம்.

வாங்காத பொருளை வாங்கியதாகப் போனுக்கு மெசேஜ் வந்தால் விட்டுவிடாதீர்கள், 1967-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை தாலுகா அளவில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். பெயர் சேர்ப்பு, நீக்கம், முகவரி மாற்றம் எல்லாம் இழுத்துக்கொண்டே போனால் அங்கே போய் உட்கார்ந்துவிடுவதுதான் வழி.

3. காய்கறி: இடமும் நேரமும்

முதலில் உழவர் சந்தை. டோல்கேட், காகிதப்பட்டறை, காட்பாடி ஆகிய இடங்களில் இருக்கிறது. அன்றைய விலையைக் காலையிலேயே பலகையில் எழுதிப் போட்டுவிடுவார்கள். மொத்த விலையைவிடச் சற்றுக் கூட, வெளிக்கடை விலையைவிடக் குறைவு. பேரம் கிடையாது, எடை சரியாக இருக்கும். காலை எட்டு மணிக்குள் போனால்தான் நல்ல காய். அன்றைக்கு எதுவும் வாங்காவிட்டாலும் அந்தப் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் வண்டிக்காரரிடம் வாங்கும்போது எது நியாய விலை என்று தெரியும்.

இரண்டாவது நேதாஜி மார்க்கெட். லாங்கு பஜாரை ஒட்டி, பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். விடியற்காலையில் மொத்த வியாபாரம், பகலில் சில்லறை. சிக்கனக்காரர்களின் நேரம் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல். கடைக்காரர்கள் மறுநாள் சரக்குக்கு இடம் காலி செய்ய வேண்டும், ஆகவே தட்டுத் தராசை ஒதுக்கி வைத்துவிட்டுக் கூறு கட்டிவிடுவார்கள். தக்காளி ஒரு கூறு, கத்தரிக்காய் ஒரு கூறு, பச்சைமிளகாய், கொத்துமல்லி கலந்து ஒரு கூறு. ‘இன்னாமா யோசிக்கற, ரெண்டு கூறா எட்த்துக்கோ, சேத்து பாத்துக் குடு’ என்று அந்த அம்மாவே வழிக்கு வருவார். வாங்குவதற்கு முன் கூறை ஒரு முறை கையால் புரட்டிப் பாருங்கள். மேலே பளபளப்பு, அடியில் நசுங்கல் என்பது எல்லா ஊருக்கும் பொது. ‘அக்கா, இது ஒண்ணு மட்டும் மாத்திக் குடுங்க’ என்றால் மாற்றித் தருவார்கள். வாங்கிவிட்டு வீட்டில் போய்த் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

கூறு காய் ராத்திரியே வேலை வாங்கும். நசுங்கிய தக்காளியை உடனே வதக்கி வைக்க வேண்டும், கீரையை ஆய்ந்து வைக்க வேண்டும். ராத்திரி எட்டரைக்கு மேல் அதற்குத் தெம்பு இல்லாதவர்கள் உழவர் சந்தையோடு நின்றுகொள்வது நல்லது. மலிவாக வாங்கி அழுகவிடுவதைவிட வீண் செலவு வேறில்லை.

மூன்றாவது, மாதம். வேலூருக்குத் தக்காளி பெரும்பாலும் மதனப்பள்ளி, பலமநேர், கோலார் பக்கங்களிலிருந்து வருகிறது. அங்கே மழை பெய்தாலும் காய்ந்தாலும் இங்கே விலை ஆடும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, வேறு சமயங்களில் பத்து ரூபாய்க்குச் சீந்துவார் இல்லாமல் கிடந்திருக்கிறது. மலிவாக இருக்கும்போது ஐந்து கிலோ வாங்கித் தொக்குச் செய்து வைத்துவிடுங்கள். விலை ஏறினால் தக்காளியை மறந்துவிட்டுப் புளிக்கு மாறுங்கள், புளிக்குழம்பும் காராமணிக் குழம்பும் தக்காளிக்காகக் காத்திருப்பதில்லை.

மே, ஜூனில் குடியாத்தம், பரதராமி பக்கத்து மாங்காய் வந்து குவியும். காற்றுக்கு உதிர்ந்த காயை மிகக் குறைந்த விலைக்குத் தருவார்கள். ஊறுகாய்க்கும் வத்தலுக்கும் அது போதும். அணைக்கட்டுப் பக்கம் விளைகிற இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்றக் கத்தரிக்காயைவிட விலை கூடுதலாகத்தான் இருக்கும். வரத்து அதிகமான நாளில் மட்டும் வாங்கி, எண்ணெய்க் கத்தரிக்காய் ஒரு முறை செய்து பாருங்கள். சிக்கனம் என்றால் நல்லதே சாப்பிடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

4. மளிகை: மூட்டையும் மிஷினும்

அரிசிக்கு ஆரணி, களம்பூர் ஆலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. கடையில் 26 கிலோ மூட்டை என்று ஒரு விசித்திர அளவைப் பார்ப்பீர்கள். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரைக்கும் பாக்கெட் போட்ட அரிசிக்கு ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அதைத் தாண்ட ஒரு கிலோ கூடப் போட்டுக் கட்டுகிறார்கள். ஆக, பத்துக் கிலோ பையாக வாங்குவதைவிட ஒரு மூட்டை வாங்கிப் பக்கத்து வீட்டோடு பாதி பாதி பிரித்துக்கொள்வது லாபம். புது அரிசியா, பழைய அரிசியா என்று கேட்டு வாங்குங்கள். பழைய அரிசி கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூட இருந்தாலும் சோறு நன்றாகக் காணும், குழையாது.

பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் லாங்கு பஜார், மண்டித் தெரு மொத்தக் கடைகளில் மாதத்துக்கு ஒரு முறை. தெருமுனைக் கடை பாலுக்கும் அவசரத்துக்கும் மட்டும். அந்தக் கடையில் நோட்டுப் போட்டுக் கடன் வாங்குகிற பழக்கத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள். அண்ணாச்சி வட்டி வாங்க மாட்டார், ஆனால் நோட்டில் எழுதிக்கொண்டு வாங்கும்போது பிஸ்கட்டும் சிப்ஸும் தானாக ஏறிக்கொள்ளும். விலையும் கேட்க மாட்டோம்.

மசாலாப் பாக்கெட்டை நிறுத்துவதுதான் மளிகைச் செலவில் எனக்குத் தெரிந்து பெரிய மிச்சம். மிளகாய், தனியா, கொஞ்சம் துவரம் பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், விரலி மஞ்சள் வாங்கி, வேலூர் வெயிலில் இரண்டு நாள் மொட்டை மாடியில் காயவைத்து, தெரு மிஷினில் கொடுத்து அரைத்தால் குழம்புத் தூள் தயார். மிளகாய் ஒடிக்கும்போது ‘படக்’கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு நாள் காயட்டும். அரைத்து வந்ததும் மூடாதீர்கள். பேப்பரில் பரப்பிச் சூடு ஆறவிட்டு டப்பாவில் போட்டால் மாதக்கணக்கில் வண்டு வராது. சாம்பார், புளிக்குழம்பு, கருவாட்டுக் குழம்பு எல்லாவற்றுக்கும் வடார்க்காட்டு வீடுகளில் இந்த ஒரே தூள்தான். மிஷினில் கூட்டம் சனி ஞாயிறு, வார நாளில் மத்தியானம் போனால் நின்ற கையோடு வாங்கி வரலாம்.

எண்ணெயில் என் கருத்து: வடைக்கும் அப்பளத்துக்கும் ரேஷன் பாமாயில், தாளிக்கவும் குழம்புக்கும் செக்குக் கடலை எண்ணெய் கொஞ்சமாக. வேர்க்கடலை இந்த மண்ணின் பயிர். அறுவடைக் காலத்தில் பச்சைக் கடலை மலிவாக வரும், வாங்கிக் காயவைத்துக்கொண்டால் தேங்காய் விலை ஏறும்போது சட்னிக்கு உதவும்.

5. அடுப்படி: ரேஷன் அரிசியும் கேழ்வரகும்

ரேஷன் புழுங்கல் அரிசிக்கு இட்லிதான் சரியான இடம். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். வாடை போகும்வரை அரிசியை நாலைந்து தண்ணீரில் கழுவி, ஐந்து மணி நேரம் ஊறவைத்து அரையுங்கள். வேலூர் கோடையில் மாவு சீக்கிரம் பொங்கிவிடும். ராத்திரி படுக்கும் முன் கலக்கி வைத்தால் காலை ஐந்து மணிக்குப் பாத்திரத்தைத் தாண்டியிருக்கும், ஆகவே பெரிய பாத்திரம். கடையில் மாவுப் பாக்கெட் வாங்குகிற காசோடு ஒப்பிட்டால் கிரைண்டரைக் கழுவுகிற சோம்பல் போய்விடும்.

வாரத்தில் இரண்டு மத்தியானம் கேழ்வரகுக் களிக்கு மாறுங்கள். ஒரு பங்கு நொய்யை நிறையத் தண்ணீர் வைத்துக் குழைய வேகவிட்டு, இரண்டு பங்கு கேழ்வரகு மாவை அதன் நடுவில் குவித்துக் கொட்டுங்கள். உடனே கிளறக் கூடாது. மாவு மேட்டின் ஓரங்களில் கஞ்சி கொப்பளித்து ஏறட்டும், மூடி போட்டு ஐந்து நிமிஷம் சிறு தீயில் விடுங்கள். அப்புறம் இறக்கி, பாத்திரத்தைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் கட்டியில்லாமல் கிண்ட வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. தட்டில் தண்ணீர் தெளித்து உருட்டி, கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ ஊற்றிக்கொள்ளுங்கள். மீந்த உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் காலை மோர் விட்டுக் கரைத்துக் கூழ். தொட்டுக்கொள்ள ஒரு சின்ன வெங்காயம், ஒரு மோர் மிளகாய். காலை டிபன் செலவு அதோடு முடிந்தது, வெயிலுக்கும் அதுதான் ஏற்றது.

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கும். இந்த வெயிலுக்குக் காசு கிடையாது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். பச்சரிசியை ஊறவைத்து நைஸாக அரைத்து, பச்சைமிளகாய், சீரகம், உப்பு சேர்த்துக் கூழாகக் காய்ச்சுங்கள். காலை ஏழு மணிக்கு மாடியில் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, கரண்டிக் கரண்டியாக ஊற்ற வேண்டும். சாயங்காலம் மேல்பக்கம் காய்ந்து சுருண்டிருக்கும். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடாம் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். இழுத்துப் பிய்க்காதீர்கள். கழற்றியதை இன்னும் இரண்டு நாள் காயவையுங்கள். கொத்தவரங்காய், மாங்காய், மோர் மிளகாய் எல்லாம் இதே மாடியில். மழைக் காலத்தில் காய் விலை ஏறுகிற நாட்களில் ரசமும் வடாமும் வத்தல் குழம்பும் வைத்து ஒரு வாரம் ஓட்டலாம்.

கேஸுக்கு இரண்டே குறிப்பு. பருப்பையும் பயறையும் ஊறவைக்காமல் அடுப்பில் ஏற்றாதீர்கள், போர் தண்ணீர் உப்பென்றால் பருப்புக்கு மட்டும் குடிதண்ணீர் ஊற்றுங்கள். முகவரிச் சான்று இல்லாமல் புதிதாக வந்தவர்கள், கனெக்‌ஷன் மாறிவருகிற வரைக்கும் ஹோட்டலில் சாப்பிடத் தேவையில்லை. அடையாள அட்டையைக் காட்டி ஐந்து கிலோ சிலிண்டர் வாங்கலாம்.

வெளியே சாப்பிட்டே ஆக வேண்டிய நாளில், கார்ப்பரேஷனின் அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், மத்தியானம் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். பிள்ளைகள் பிரியாணி கேட்டால் குஸ்கா வாங்கி, வீட்டில் முட்டை வேகவைத்துக்கொள்ளுங்கள். அதே அண்டாவில் வெந்த சோறுதான் அது. ஆம்பூர் பக்கத்துக் கடைகளில் கூடவே கத்தரிக்காய்த் தொக்கும் தருவார்கள், அதைக் கேட்டு வாங்க மறந்துவிடாதீர்கள்.

6. கரண்ட்: 200, 500 என்ற இரண்டு எண்கள்

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் இருந்தால் பில் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். 500-ஐத் தாண்டினால் கதை வேறு. 101 முதல் 200 யூனிட் வரை இருக்கிற பாதி விலைச் சலுகை போய்விடும். 500-க்கும் 510-க்கும் நடுவில் பத்து யூனிட்தான், பில்லில் வித்தியாசம் முந்நூறு ரூபாய்க்கு மேல். அதனால் மீட்டர் எடுக்கிற தேதியைக் காலண்டரில் குறித்து, பதினைந்து நாளைக்கு ஒரு முறை மீட்டரைப் பாருங்கள். கணக்கெடுப்பு ஒரு வாரத்தில் வருகிறது, 480 ஓடியிருக்கிறது என்றால் இஸ்திரியையும் வாஷிங் மிஷினையும் அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கும் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம் செலவழித்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. மீட்டரைப் பார்ப்பதற்கு அது இன்னொரு காரணம்.

சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும். புது மாதிரி பி.எல்.டி.சி. விசிறி முப்பது வாட் சுற்றித்தான் இழுக்கும். மார்ச் முதல் செப்டம்பர் வரை ராத்திரி பகல் விசிறி ஓடுகிற ஊரில், படுக்கை அறை விசிறி ஒன்றை மட்டுமாவது மாற்றுவது போட்ட காசை எடுத்துவிடும். எல்லா விசிறியையும் ஒரேயடியாக மாற்றத் தேவையில்லை. மேல் மாடி வீடே அமைந்துவிட்டால், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு மார்ச்சிலேயே மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் மண்பானையில்.

7. போக்குவரத்து

ஆட்டோவில் ஏறி இறங்கினால் மாதக் கணக்கு உதைக்கும். காட்பாடி ஸ்டேஷனுக்கும் பாகாயத்துக்கும் நடுவில் 1, 2 எண் டவுன் பஸ்கள் ஊரையே குறுக்காக இணைத்துவிடுகின்றன. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்ணாடியிலேயே எழுதியிருக்கும், ஏறியதும் கண்டக்டரிடம் கட்டணமில்லாச் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் மார்க்கெட் வேலை யாருக்கு என்பதை இந்த ஒரு காரணத்தால் மாற்றிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அப்பா காசு கொடுத்துப் பஸ்ஸில் போவதைவிட அம்மா போவது மிச்சம் என்று. தூக்கிக்கொண்டு வருகிற பாரம் யாருக்கு என்பதையும் அவர்கள் யோசித்திருக்கலாம்.

சென்னைக்குப் போக அவசரமில்லை என்றால் மெமு ரயில். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை வந்துகொண்டிருந்தது 2024-இல் திருவண்ணாமலை வரை நீட்டப்பட்டது. பஸ் கட்டணத்தைவிட மிகவும் குறைவாகத்தான் ஆகும்.

8. உடம்பும் பள்ளிக்கூடமும்

காய்ச்சல், சளிக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வார்டிலேயே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும். அதற்கு மேல் டவுனில் பென்ட்லேண்ட் அரசு மருத்துவமனை, பெரிய வியாதிக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி. சி.எம்.சி.யிலேயே உள்ளூர் ஏழைக் குடும்பங்களுக்கென்று குறைந்த கட்டணப் பிரிவு ஒன்றும், பாகாயத்தில் சமூக நல மருத்துவமனையும் உண்டு. வெளியூர் நோயாளிகளுக்கு இது தெரியாது, உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு இப்போதே பதிவு செய்துவிடுங்கள், ஆபரேஷன் என்று படுத்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவது கொடுமை. சர்க்கரை, பிரஷர் மாத்திரை மாதாமாதம் வாங்குகிறவர்கள், டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதச் சொல்லி மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலையிலும் சாப்பாடு உண்டு. புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் அங்கேயே கிடைத்துவிடும். பள்ளிக்கூட ஷூவுக்கு மட்டும் காசைப் பார்க்காதீர்கள். தோல் தொழில் நடக்கிற ஆம்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு, மூன்று மாதத்தில் வாய் பிளக்கிற பிளாஸ்டிக் ஷூவை வருஷத்துக்கு மூன்று முறை வாங்குவது எனக்குப் புரிவதில்லை. ஆம்பூர் போகிற வேலை இருந்தால் அங்கேயே ஒரு ஜோடி பாருங்கள்.

9. சீட்டு, கடன், நகை

மிச்சம் பிடித்த காசு வீட்டில் தங்காது. அதை எங்கே போடுவது என்பதில்தான் இந்த மாவட்டம் சூடுபட்டிருக்கிறது. 2022-இல் மாதம் இத்தனை சதவீதம் வட்டி என்று ஆசை காட்டிய நிதி நிறுவனங்களில் பணம் போட்டு வேலூர், காட்பாடி, ஆரணி, செய்யாறு பக்கம் ஏமாந்த குடும்பங்கள் ஏராளம். தெருவில் யாரோ ஒருவருக்கு முதல் நாலு மாதம் வட்டி சரியாக வந்தது என்பது எந்த அத்தாட்சியும் ஆகாது. தீபாவளிப் பண்டு என்றால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர், சொந்த வீட்டில் இருப்பவர், சிறு தொகை. அதற்கு மேல் வேண்டாம். போஸ்ட் ஆபீஸில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஆர்.டி. போடலாம், ஐந்து வருஷம். வட்டி குறைச்சல்தான், ஆனால் முதல் இருக்கும்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வரிசை இது: முதலில் மகளிர் சுய உதவிக் குழு, அடுத்து கூட்டுறவு வங்கி நகைக் கடன், அதற்கடுத்து மற்ற வங்கிகள். வாசலுக்கு வந்து பத்தாயிரத்தில் வட்டியை முன்கூட்டியே கழித்துக்கொண்டு எட்டரையைக் கையில் கொடுத்துத் தினமும் நூறு ரூபாய் வாங்குகிற தண்டல் பக்கம் போகவே வேண்டாம். எட்டரை ஆயிரத்துக்கு நூறு நாளில் ஆயிரத்து ஐந்நூறு வட்டி. அதுவும் முதல் வாரத்திலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதால் உண்மையான வட்டி அதைப் போல இரண்டு பங்கு.

ராத்திரி நேர அவசரத்துக்குச் சேட்டுக் கடையில் கம்மலை வைக்க நேர்ந்தால், ரசீதில் எடை, தொகை, வட்டி விகிதம், மீட்க வேண்டிய தேதி நான்கும் எழுதியிருக்கிறதா என்று கடையில் நிற்கும்போதே படித்துப் பாருங்கள். கல் வைத்த நகை என்றால் கல்லுக்கு எவ்வளவு எடை கழித்தார்கள் என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்த சம்பளம் வந்ததும் வட்டி மட்டும் கட்டி மாற்றி வைக்காமல், அசலில் ஐந்நூறாவது சேர்த்துக் கட்டிவிட்டுப் புது ரசீது போடச் சொல்லுங்கள்.